சிவப்பு உறைக்குள் ஒரு சினிமா

இன்னைக்கு எபிசோட் ஒரு தபால் உறையைப் பத்தினது. சிவப்பு கலர், பேப்பர் உறை, உள்ளே ஒரு முழு சினிமா.

2023 செப்டம்பர் 29 அன்று நெட்ஃபிளிக்ஸ் தன்னுடைய கடைசி டிவிடியைத் தபாலில் போட்டது. படத்தின் பெயர் 'ட்ரூ கிரிட்'. முதல் டிவிடி போனது 1998 மார்ச்சில். அது 'பீட்டில்ஜூஸ்'. நடுவில் இருபத்தைந்து வருஷம், 520 கோடிக்கும் மேற்பட்ட டிவிடிகள்.

"என்னது, நெட்ஃபிளிக்ஸ் தபால்ல படம் அனுப்புச்சா?"ன்னு உங்கள்ல சிலர் கேப்பீங்க. நியாயமான கேள்விதான். அந்தச் சிவப்பு உறை நம்ம ஊருக்கு வரவே இல்லை. 2016 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவுக்குள் வந்தபோது நேரா ஆப்பாகத்தான் வந்தது. ஆனா அமெரிக்காவில் ஒரு தலைமுறைக்கு நெட்ஃபிளிக்ஸ்னா வீட்டு வாசல் தபால் பெட்டிதான்.

இந்தக் கதையைப் பொதுவா ஒரே மாதிரிதான் சொல்வாங்க. தபால் பழசு, இன்டர்நெட் புதுசு, புதுசு ஜெயிச்சுது, அவ்வளவுதான். அதில் ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போகுதுன்னு நான் நினைக்கிறேன். தபாலில் வந்தது ஒரு பொருள். நெட்டில் வருவது ஒரு அனுமதி. இந்த வித்தியாசத்தால்தான் இன்னைக்கு நாம தேடுற பாதிப் படம் எந்த ஆப்பிலும் கிடைக்கிறதில்லை. எப்படின்னு பார்ப்போம், வாங்க.

ஒரு சிடி, ஒரு ஸ்டாம்ப்

வருஷம் 1997. கலிஃபோர்னியாவில் சாண்டா குரூஸ்னு ஒரு கடற்கரை ஊர். அங்கிருந்து மார்க் ராண்டால்ஃப், ரீட் ஹேஸ்டிங்ஸ்னு ரெண்டு பேர் ஒரே காரில் வேலைக்குப் போய்வருவார்கள். வழியெல்லாம் புது பிசினஸ் ஐடியா பேச்சுதான். ராண்டால்ஃப் ஒண்ணு சொல்வார், ஹேஸ்டிங்ஸ் அது தேறாதுன்னு தள்ளிவிடுவார். அப்படித் தள்ளிய ஐடியாக்களில் ஒன்று, வீடியோ கேசட்டைத் தபாலில் வாடகைக்கு அனுப்புவது.

ஏன் தேறாது? விஎச்எஸ் கேசட் கனமானது, தடிமனானது, அனுப்பும் செலவு அதிகம். அதோட, புதுப் படங்களின் கேசட்டை ஸ்டூடியோக்கள் வாடகைக் கடைகளுக்கு எழுபது, எண்பது டாலர் மாதிரி விலைக்குத்தான் விற்றன. ஆயிரக்கணக்கில் வாங்கி அடுக்கவே பெரிய முதல் வேணும்.

அந்த வருஷம் மார்ச்சில்தான் டிவிடி அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. ஒரு டிவிடியின் எடை சுமார் 16 கிராம். விலை இருபது டாலரை ஒட்டி. இப்போ கணக்கு மாறுது இல்லையா? ஆனா தபாலில் போனா உடையாம போகுமா? டெஸ்ட் பண்ணிப் பார்க்க அவர்கள் கையில் டிவிடி இல்லை. அதனால் சாண்டா குரூஸில் ஒரு மியூசிக் சிடி வாங்கினார்கள். வாழ்த்து அட்டைக்கு வரும் சாதாரண உறைக்குள் போட்டு, ஸ்டாம்ப் ஒட்டி, ஹேஸ்டிங்ஸ் வீட்டு முகவரிக்கே அனுப்பினார்கள். அப்போ ஒரு சாதாரணக் கடிதத்துக்கான ஸ்டாம்ப் 32 சென்ட். மறுநாள் சிடி உடையாம வந்து சேர்ந்தது. அந்த ஆகஸ்ட் 29 அன்று கம்பெனி பதிவானது.

இங்கே ஒரு சின்ன விஷயம். ஹேஸ்டிங்ஸ் 'அப்போலோ 13' கேசட்டை லேட்டா திருப்பிக் கொடுத்து 40 டாலர் அபராதம் கட்டினார், அந்தக் கோபத்தில் நெட்ஃபிளிக்ஸ் பிறந்ததுன்னு ஒரு கதை உலாவும். கம்பெனி அப்படி ஆரம்பிக்கலைன்னு ராண்டால்ஃபே 2019-ல் வந்த தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்.

1998 ஏப்ரல் 14 அன்று வெப்சைட் திறந்தது. முதல் நாளே சர்வர் படுத்துவிட்டது. அன்றைக்கு அவர்களிடம் இருந்தவை சுமார் 900 படங்கள். கம்மியா தெரியுதா? அமெரிக்காவில் அப்போ டிவிடியா வந்திருந்த படங்களே ஏறத்தாழ அவ்வளவுதான்.

1999-ல் மாதச் சந்தா வந்தது. லேட் ஃபீ கிடையாது, எத்தனை நாள் வேணும்னாலும் வெச்சுக்கலாம். வெப்சைட்டில் உங்களுக்கு வேண்டிய படங்களை வரிசையா பட்டியல் போட்டு வைப்பீங்க. கையில் இருப்பதைத் திருப்பி அனுப்பினால் பட்டியலில் அடுத்தது கிளம்பி வரும். பிளாக்பஸ்டர் கம்பெனி 2000-ல் இவர்களை 5 கோடி டாலருக்கு வாங்க மறுத்ததும், அதே பிளாக்பஸ்டர் 2010-ல் திவாலானதும் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அதை விட்டுட்டு நாம உறைக்குத் திரும்புவோம்.

தபால்காரர் சுமந்த தியேட்டர்

அந்த உறையை அவர்கள் பல தடவை மாற்றி மாற்றிச் செய்தார்கள். அட்டையில் செய்தால் கனம், செலவு. பிளாஸ்டிக்கில் செய்தால் வேற தொல்லை. கடைசியில் நின்றது பேப்பர் உறை. வரும்போது உங்க முகவரி வெளியே இருக்கும். மேல் மடிப்பைக் கிழித்தால் அதே உறை கம்பெனிக்குத் திரும்பும் உறையாக மாறிவிடும். ஸ்டாம்ப் காசும் முன்கூட்டியே கட்டியாச்சு. டிவிடியை உள்ளே போட்டு, ஒட்டி, வாசல் பெட்டியில் வைக்க வேண்டியதுதான். தபால்காரர் எடுத்துட்டுப் போயிடுவார்.

ஆரம்பத்தில் எல்லாமே கலிஃபோர்னியாவிலிருந்துதான் கிளம்பின. பக்கத்து ஊர்க்காரர்களுக்கு மறுநாள் கிடைக்கும், நாட்டின் மறுகோடியில் இருப்பவர்களுக்குப் பல நாள் ஆகும். பிறகு நாடு முழுக்கக் கிளை மையங்கள் திறந்தார்கள். உச்சத்தில் ஐம்பதுக்கும் மேல். விடிகாலையில் தபால் நிலையத்திலிருந்து டிவிடிகள் வரும், பிரித்து, துடைத்து, கீறல் பார்த்து, அன்றைக்கே அடுத்த ஆளுக்கு அனுப்பிவிடுவார்கள்.

இந்த ஏற்பாட்டுக்குக் கீழே இருந்தது அமெரிக்க அரசுத் தபால் துறை. அலாஸ்காவில் ஒரு குக்கிராமமா, நியூயார்க்கா, ஸ்டாம்ப் விலை ஒண்ணுதான். பக்கத்தில் தியேட்டரும் இல்லை, வீடியோ கடையும் இல்லைன்னு இருந்த ஊர்க்காரருக்கும், பெரிய நகரத்து சினிமா பைத்தியத்துக்கும் ஒரே பட்டியல், ஒரே விலை.

ஆனா தபால் துறைக்கு இது சும்மா நடக்கலை. திரும்பி வரும் உறைகள் கடிதம் பிரிக்கும் மெஷினில் மாட்டிக்கொண்டன. ஊழியர்கள் அவற்றைக் கையாலேயே பிரிக்க வேண்டியதாயிற்று. இதனால் இரண்டு வருஷத்தில் 4 கோடியே 19 லட்சம் டாலர் கூடுதல் செலவுன்னு தபால் துறையின் தணிக்கைப் பிரிவு 2007-ல் அறிக்கை கொடுத்தது.

வீடியோ கேம் டிஸ்க்கை இதே மாதிரி தபாலில் வாடகைக்கு விட்ட கேம்ஃப்ளைன்னு ஒரு கம்பெனி இருந்தது. "அவங்க டிஸ்க்கை மட்டும் கையால பத்திரமா பிரிக்கிறீங்க, எங்களுது மெஷின்ல உடையுது. உடையாம இருக்க நாங்க மட்டும் ஏன் கூடுதல் காசு கட்டணும்?" இதுதான் 2009-ல் அவர்கள் கொடுத்த புகாரின் சாரம். வழக்கு வருஷக்கணக்கில் ஓடி, நீதிமன்றம் கேம்ஃப்ளை பக்கம் நின்றது. வெளியே பார்க்க டெக் கம்பெனி, உள்ளே பார்த்தால் தபால் ஊழியர்களின் கை வேலை. அந்த வேலையின் மேல்தான் நெட்ஃபிளிக்ஸ் வளர்ந்தது.

1908-ல் ஒரு தீர்ப்பு

இப்போ முக்கியமான இடத்துக்கு வந்தாச்சு. ஒரு படத்தை வாங்கி ஊர் முழுக்க வாடகைக்கு விட நெட்ஃபிளிக்ஸுக்கு யார் அனுமதி கொடுத்தது?

யாரும் கொடுக்கலை. தேவையும் இல்லை.

இதுக்குக் காரணம் ஒரு நாவல். 'தி காஸ்ட்அவே'ன்னு அமெரிக்காவில் வெளிவந்தது. பதிப்பகத்தார் புத்தகத்துக்குள்ளேயே ஒரு அறிவிப்பு அச்சடித்தார்கள்: ஒரு டாலருக்குக் குறைவாக விற்றால் அது காப்புரிமை மீறல். மேசிஸ் கடைக்காரர்கள் அதைக் கண்டுகொள்ளாம 89 சென்ட்டுக்கு விற்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1908-ல் தீர்ப்பு வந்தது. ஒரு பிரதியை ஒரு தடவை விற்றுவிட்டால், அந்தப் பிரதியை அதற்குப் பிறகு எப்படி விற்பதுன்னு நீங்க கட்டளை போட முடியாது. இதை 'முதல் விற்பனைக் கொள்கை'ன்னு சொல்வாங்க. 1976-ல் வந்த அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்திலும் இது இருக்கிறது.

நூலகங்கள் புத்தகம் இரவல் கொடுப்பதும், பழைய புத்தகக் கடைகள் நடப்பதும், வீடியோ கடைகள் முளைத்ததும் இந்தக் கொள்கையின் நிழலில்தான். இசைத்தட்டு வாடகையை மட்டும் 1984-ல் தனிச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். சினிமாவுக்கு அந்தத் தடை வரலை.

ஆக, நெட்ஃபிளிக்ஸ் ஸ்டூடியோக்களோடு ஒப்பந்தம் போட்டு மலிவா டிவிடி வாங்கலாம். ஸ்டூடியோ முரண்டு பிடித்தால்? கடைக்குப் போய் நம்மள மாதிரியே காசு கொடுத்து வாங்கி வாடகைக்கு விடலாம், யாராலும் தடுக்க முடியாது. அதனால்தான் அவர்களிடம் உச்சத்தில் சுமார் ஒரு லட்சம் தலைப்புகள் இருந்தன. குரோசவாவும் இருக்கும், மொக்கைப் பேய்ப்படமும் இருக்கும், மூணு பேர் மட்டும் கேட்கிற டாக்குமெண்டரியும் இருக்கும்.

அதே டிஸ்க், வேற வழி

2007 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் ஸ்ட்ரீமிங்கை ஆரம்பித்தது. அப்போ அதில் இருந்தவை சுமார் ஆயிரம் தலைப்புகள்தான். ஏன் டிவிடியில் இருந்த எல்லாத்தையும் அப்படியே நெட்டில் ஏற்ற முடியலை? இதுக்குப் பதில் சொல்ல ஒரு குட்டிக் கம்பெனியின் கதை போதும். அதன் பெயர் ஜெடிவா.

ஜெடிவாக்காரர்கள் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். கடையில் நிஜ டிவிடி வாங்கினார்கள். நிஜ டிவிடி பிளேயர்களை வரிசையா அடுக்கினார்கள். நீங்க ஒரு படத்தை வாடகைக்கு எடுத்தால், உங்களுக்காக ஒரு பிளேயரில் அந்த டிஸ்க் ஓடும், படம் மட்டும் நெட் வழியா உங்க வீட்டுக்கு வரும். நீங்க பார்த்து முடிக்கும்வரை அந்த டிஸ்க் வேற யாருக்கும் கிடையாது. "இது வாடகைதான், ஒயர் மட்டும் கொஞ்சம் நீளம்" என்ற மாதிரி ஒரு வாதம்.

ஸ்டூடியோக்கள் வழக்கு போட்டன. 2011 ஆகஸ்ட்டில் நீதிபதி தடை விதித்தார். இப்படி நெட் வழியா படத்தை அனுப்புவது ஒரு பொதுத் திரையிடல், அதற்கு உரிமையாளரின் அனுமதி வேணும் என்பது அவர் பார்வை. ஜெடிவா மூடப்பட்டது. 18 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு வழக்கை முடித்தார்கள்.

யோசிச்சுப் பாருங்க. அதே டிஸ்க்கை உறையில் போட்டு அனுப்பினால் யாருடைய அனுமதியும் வேண்டாம். அதே டிஸ்க்கில் இருக்கும் படத்தை ஒயரில் அனுப்பினால் சட்டப்படி குற்றம். பார்க்கிற ஆளுக்கு ரெண்டும் ஒண்ணுதான். அனுப்புகிறவருக்கு அதில் ஒன்று உரிமை, இன்னொன்று அடுத்தவர் தயவு.

தயவுக்கு விலை ஏறும். 2008-ல் ஸ்டார்ஸ் என்ற கேபிள் சேனலோடு நெட்ஃபிளிக்ஸ் ஒரு ஒப்பந்தம் போட்டது. சுமார் 2,500 தலைப்புகள் ஸ்ட்ரீமிங்கில் ஏறின. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பேச்சு முறிந்தது, 2012-ல் அந்தப் படங்கள் போய்விட்டன. அதற்கு நடுவே, 2010-ல் வார்னர் பிரதர்ஸோடு இன்னொரு ஒப்பந்தம். புதுப்படம் கடைக்கு வந்து 28 நாள் கழித்துத்தான் வாடகைக்கு அனுப்புவோம்னு நெட்ஃபிளிக்ஸ் ஒத்துக்கொண்டது. பதிலுக்கு டிவிடி விலையில் சலுகை, கூடவே ஸ்ட்ரீமிங்குக்கு அதிகப் படங்கள். ரிலீஸ் அன்றே கடையில் வாங்கி அனுப்பும் உரிமை அவர்களுக்கு இருந்தது. ஸ்ட்ரீமிங்குக்காக அதை அவர்களே விட்டுக்கொடுத்தார்கள். கம்பெனி எந்தப் பக்கம் போகுதுன்னு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

2011-ல் இன்னும் வெளிப்படையாகச் செய்தார்கள். இரண்டும் சேர்ந்து 9.99 டாலராக இருந்த சந்தாவைப் பிரித்து, தபாலுக்கு 7.99, ஸ்ட்ரீமிங்குக்கு 7.99 என்றார்கள். டிவிடி பிரிவுக்கு 'குவிக்ஸ்டர்'னு புதுப் பெயர் வெச்சுத் தனியா ஒதுக்கப் பார்த்தார்கள். மக்கள் கொதித்துப்போனார்கள். மூணே மாசத்தில் எட்டு லட்சம் சந்தாதாரர்கள் கிளம்பிவிட்டார்கள். குவிக்ஸ்டர் சில வாரங்களிலேயே கைவிடப்பட்டது. டிவிடி சேவை மட்டும் ஓரமா இன்னும் பன்னிரண்டு வருஷம் ஓடியது.

பெட்டி வந்தாச்சா?

"சரி, இது அமெரிக்கா கதை, நமக்கென்ன?"ன்னு கேக்கலாம். நமக்கும் இருக்கு.

முதலில் சட்டம். இந்தியாவில் 1994-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோதே, ஒரு படத்தின் பிரதியை ஏற்கெனவே விற்றிருந்தாலும் அதை வாடகைக்கு விடும் உரிமை படத்தின் உரிமையாளரிடமே இருக்கும்னு எழுதிவிட்டார்கள். 2012 திருத்தத்தில் அதை வணிக ரீதியான வாடகைன்னு சுருக்கினார்கள். அதாவது, காசு கொடுத்து டிவிடி வாங்கி அதை வாடகைக்கு விடலாம் என்ற அமெரிக்கச் சுதந்திரம் இங்கே காகிதத்தில்கூட அதே மாதிரி இல்லை. நம்ம தெரு கேசட் கடைகள் எல்லாம் எந்த அனுமதியில் ஓடின என்று நான் கேட்கப் போறதில்லை. உங்களுக்கே தெரியும்.

இரண்டாவது, நம்ம தியேட்டர். ஃபிலிம் காலத்தில் ரீல்கள் தகரப் பெட்டிகளில் ரயிலிலும் பஸ்ஸிலும் ஊர் ஊராகப் போகும். ரிலீஸ் அன்று தியேட்டர் வாசலில் "பெட்டி வந்தாச்சா?"ன்னுதான் பேச்சே. பெட்டிக்கு மாலை போட்டு ஊர்வலம் விட்ட ரசிகர்கள் உண்டு. பெட்டி வந்துவிட்டால் படம் ஓடும். இப்போ படம் டிஜிட்டல் ஃபைலாக, ஹார்ட் டிஸ்க்கிலோ சேட்டிலைட்டிலோ தியேட்டருக்கு முன்கூட்டியே வந்துவிடும். ஆனா பூட்டப்பட்டிருக்கும். கேடிஎம் என்று ஒரு டிஜிட்டல் சாவி வந்தால்தான் திறக்கும். எந்த சர்வரில், எந்தத் தேதி எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை ஓடலாம் என்பது அந்தச் சாவியிலேயே எழுதியிருக்கும்.

அதனால்தான் ஃபைனான்ஸ் பஞ்சாயத்து முடியாத படத்துக்கு, காலைக் காட்சிக்கு ஆட்கள் உட்கார்ந்திருக்க, "இன்னும் கேடிஎம் வரலை"ன்னு செய்தி வரும். படம் அதே கட்டடத்துக்குள்ளேயே இருக்கும். ஓட்டத்தான் முடியாது. பெட்டிக்கும் கேடிஎம்முக்கும் உள்ள தூரம்தான் சிவப்பு உறைக்கும் ஆப்புக்கும் உள்ள தூரம்.

கையில் என்ன இருக்கு?

ஸ்ட்ரீமிங்கைத் திட்ட நான் வரலை. கீறல் இல்லை, காத்திருப்பு இல்லை, சப்டைட்டில் இருக்கு. சென்னையில் உட்கார்ந்துகொண்டு ரிலீஸ் அன்றே ஒரு கொரியன் சீரிஸைப் பார்க்க முடிகிறது. எந்தத் தபால்காரராலும் இது முடியாது. தயாரிப்பாளர் பக்கமும் நியாயம் இருக்கு. ஒரு தடவை விற்ற டிஸ்க் ஆயிரம் பேரிடம் போகும்போது அவருக்கு அதில் பங்கு வேணும்னு கேட்பது தப்பில்லை.

ஆனா இழந்தது என்னன்னு தெரிஞ்சு இழக்கணும். ஒரு லட்சம் தலைப்பு வெச்சிருந்த அந்தத் தபால் சேவையை மூடியபோது, அதிலிருந்த ஏராளமான படங்கள் எந்த ஆப்புக்கும் மாறவில்லை. யாருக்கும் அவற்றின் மேல் கோபம் இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் உரிமையாளரைத் தேடிப் பிடித்து, பேசி, காசு கொடுத்து, சில வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். மூணு பேர் பார்க்கிற படத்துக்கு இதை யார் செய்வார்? டிஸ்க்காக இருந்தபோது அது அலமாரியில் சும்மா கிடக்கும், நாலாவது ஆள் கேட்கும்வரை.

இதைப் புரிந்துகொண்டவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் ஸ்கேர்குரோ வீடியோன்னு லாப நோக்கமில்லாத ஒரு வீடியோ நூலகம் இருக்கு. லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை வெச்சுக்கிட்டு, டிஸ்க்குகளைத் தபாலில் வாடகைக்கு அனுப்புகிறார்கள். 1908 தீர்ப்பு அவர்களுக்கு இன்னைக்கும் துணை.

கடைசியா ஒரு விஷயம். 2023-ல் டிவிடி சேவையை மூடும்போது நெட்ஃபிளிக்ஸ் தன் வாடிக்கையாளர்களிடம், கையில் இருக்கும் டிஸ்க்குகளைத் திருப்பி அனுப்ப வேண்டாம், நீங்களே வெச்சுக்கோங்க என்றது. இருபத்தைந்து வருஷமா வாடகைக்குப் போன படங்களில் அந்தக் கடைசி டிஸ்க்குகள் மட்டும் பார்த்தவர்களுக்கே சொந்தமாயின. பிளேயர் வேலை செய்கிற வரை அவர்கள் அதை யாரையும் கேட்காமல் பார்க்கலாம், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம்.

உங்க ஆப்பில் 'என் லிஸ்ட்'னு ஒண்ணு இருக்கும். இந்த எபிசோட் முடிஞ்சதும் அதைத் திறந்து பாருங்க. போன வருஷம் சேர்த்து வெச்ச படங்களில் எத்தனை இன்னும் இருக்குன்னு எண்ணி எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.